ஊசிக்கு முன்னால் ஒரு கேள்வி

நோன்புக்காக விடியுமுன் சாப்பிடும் சஹருக்கு மகளை எழுப்பப் போனபோதே மெஹர் பானுவுக்கு அந்தச் சத்தம் கேட்டுவிட்டது.

பாயில் ஒருக்களித்துக் கிடந்தாள் நிலோபர். மூச்சு உள்ளே போகையில் ஒன்றுமில்லை. வெளியே வருகையில் மட்டும் மெலிதாக ஒரு விசில். வேறு யார் காதில் விழுந்திருந்தாலும் அடுத்த வீட்டுக் குக்கர் என்று நினைத்திருப்பார்கள். மெஹர் பானு அந்தச் சத்தத்தோடு குடும்பம் நடத்தியவள். அவளுக்குத் தப்பாது.

அப்போது அது அவள் புருஷன் யூசுப்பின் நெஞ்சிலிருந்து வந்தது. புளியறையில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்த மனுஷன். ஒரு ஆனி மாதச் சாரலில் மூச்சு முட்டியவரை, அவர் தம்பி முகம்மது இஸ்மாயில் காரில் தூக்கிப்போட்டுக்கொண்டு தென்காசிக்கு விரட்டினான். செங்கோட்டையைத் தாண்டியதும் காருக்குள் சத்தம் நின்றது. இளைப்பு விட்டுவிட்டது என்று மெஹர் பானு நினைத்தாள். அல்ஹம்துலில்லாஹ் என்றுகூடச் சொன்னாள்.

நாலு வருஷம் ஆகிறது. இப்போது அதே இளைப்பு மகளுக்கு.

"நிலோ, எந்திரி. நேரமாகுது."

எழுந்து உட்கார்ந்ததும் இரண்டு இருமல்.

"என்னட்டி, நெஞ்சு கட்டுதா?"

"தொண்டை காஞ்சிருக்கு. தண்ணி குடிச்சா சரியாப் போயிரும்."

"இளைப்புப் பம்பு அடிக்கியா ஒழுங்கா?"

"அடிக்கேன்."

"எப்ப அடிக்க? நான் பாக்கவே இல்லியே."

"உம்மா, பாங்கு சொல்லப் போறாரு. நான் திங்கவா, உனக்குப் பதில் சொல்லவா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சிரிப்பின் முடிவிலும் அந்த விசில் இருந்தது.

இன்றைக்கு வியாழக்கிழமை. ஊசிக் கிழமை. மேலகரத்தில் டாக்டர் விஜயசங்கரிடம் நிலோபருக்கு அலர்ஜி ஊசி ஆரம்பித்து இது ஆறாவது வாரம். வீட்டுத் தூசியில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத பூச்சிதான் அவளுக்கு ஆகவில்லை என்று முன்கையில் சொட்டு வைத்து, கீறிப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். அந்தப் பூச்சியின் சத்தையே ஊசியில் துளித் துளியாக ஏற்றி, உடம்பை அதோடு பழக வைக்கிற வைத்தியம். முதலில் வாரத்துக்கு ஒன்று. பிறகு மாதத்துக்கு ஒன்று. மூன்று வருஷம், சிலருக்கு ஐந்து.

"ஆகாததையே உள்ள ஏத்துவாங்களா? நல்லா இருக்கு வைத்தியம்!" என்று முதல் நாளே கேட்டவன் இஸ்மாயில். சவூதியிலிருந்து திரும்பி வந்து, பாவூர்சத்திரம் சந்தைக்கு டெம்போ ஓட்டுகிறான். அண்ணன் போன பிறகு அந்த வீட்டுக்கு ஆண் துணை அவன்தான். போன வாரம் ஊசி போட்ட இடம் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியதைப் பார்த்துவிட்டு, "மைனி, இன்னொரு தடவ ஏதாச்சும் ஆச்சுன்னா இத்தோட நிப்பாட்டிரணும்" என்று வாக்கு வாங்கிக்கொண்டுதான் போனான்.

மெஹர் பானு வாக்குக் கொடுத்திருந்தாள். கொடுத்ததிலிருந்து அவளுக்கு நிம்மதி இல்லை.

நிலோபர் காலேஜுக்குக் குற்றாலம் பஸ் ஏறிப் போன பிறகு, மெஹர் பானு அலமாரியைத் திறந்தாள். புத்தக அடுக்குக்குப் பின்னால் ஆரஞ்சு நிற இன்ஹேலர் பம்பு நின்றது. பெருநாளை முன்னிட்டுப் போன வாரம்தான் வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். அந்தச் சுண்ணாம்புத் தூசி, பம்பின் மூடியில் அப்படியே படிந்து கிடந்தது. கை பட்ட தடமே இல்லை.

அவள் அதைத் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

டாக்டர் இரண்டே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் இங்கேதான் இருக்கணும். மூச்சு இளைக்கிற அன்றைக்கு ஊசி போடவே கூடாது. "நெஞ்சு ஏற்கெனவே இறுகியிருக்கும்போது ஊசி ஒத்துக்காமப் போச்சுன்னா, ரொம்ப ஆபத்தும்மா. அதனால ஒண்ணும் மறைக்காதீங்க."

*

மாசி வெயில் சாய்கிற நேரத்தில் மெஹர் பானு மேலகரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினாள். எதிர்ப்பக்கம் குற்றாலத்திலிருந்து வந்த பஸ்ஸில் நிலோபர் இறங்கினாள். அருவியில் தண்ணீர் நூலாகிவிட்ட மாதம். பஸ்ஸில் காலேஜ் பிள்ளைகளைத் தவிர ஆளில்லை.

நிலோபர் ரோட்டைக் கடந்து வந்து, படியேறும் முன் ஒரு நிமிஷம் கம்பியைப் பிடித்து நின்றாள். செல்போனைப் பார்ப்பது போல நின்றாள்.

"என்ன நிக்க?"

"மெசேஜு."

போன் திரை கறுப்பாகக் கிடந்ததை மெஹர் பானு பார்த்தாள்.

உள்ளே பெஞ்சில் ஏற்கெனவே ஒருவர் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு உட்கார்ந்திருந்தார். தேவா. புளியங்குடியில் எலுமிச்சைக் கமிஷன் கடை. மாதம் ஒரு தரம் வருவார். வந்தால் அரை மணி நேரமும் வாய் ஓயாது.

"வாங்கம்மா. பாப்பாவுக்கு எத்தனாவது?"

"ஆறாவது" என்றாள் நிலோபர்.

"ஆறா! நான் நாப்பத்தஞ்சு போட்டுட்டேன். இன்னும் ஒரு வருஷம் இழுத்தா மெடல் தருவாங்க."

மெஹர் பானு பையை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள். "அண்ணாச்சி, ஒண்ணு கேக்கலாமா? நெசமாவே கேக்குதா இது?"

"எனக்குக் கேட்டுது. முன்னாடியெல்லாம் சாக்கு மூட்டையப் பிரிச்சாலே தும்மித் தும்மி மூக்கு புண்ணாயிரும். இப்ப சாக்கு மேலேயே படுத்து ஒறங்குதேன். முழுசா போச்சுன்னு சொல்ல மாட்டேன். முக்காவாசி போச்சு." கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். "ஆனா எங்கூட ஆரம்பிச்ச வாத்தியார் ஒருத்தரு, ஒரு வருஷம் போட்டும் ஒண்ணும் குறையல. டாக்டரே நிப்பாட்டிட்டாரு. எல்லார் உடம்பும் ஒண்ணு இல்லலா."

அந்த முக்கால்வாசியைப் பிடித்துக்கொள்வதா, அந்த வாத்தியாரை நினைப்பதா என்று தெரியாமல் மெஹர் பானு தலையாட்டினாள்.

யூசுப்பிடமும் ஒரு காலத்தில் திருநெல்வேலியில் ஒரு டாக்டர் இந்த ஊசியைச் சொன்னார். "வாராவாரம் ஊசி குத்த நான் என்ன கோழிப்பண்ணைக் கோழியா?" என்று சிரித்துவிட்டு வந்துவிட்டார். முதல் நாள் இதை விஜயசங்கரிடம் சொல்லி, "அன்னைக்கே போட்டிருந்தா அவர் இருந்திருப்பாரா டாக்டர்?" என்று கேட்டாள். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "தெரியாதும்மா. தெரியும்னு சொன்னா அது பொய்" என்றார். அந்தப் பதிலுக்காகத்தான் அவரை நம்பினாள்.

தேவாவை உள்ளே கூப்பிட்டார்கள். மெஹர் பானு பையிலிருந்து பம்பை எடுத்து மகளின் மடியில் வைத்தாள்.

நிலோபர் அதைப் பார்த்தாள். உம்மாவைப் பார்க்கவில்லை.

"எத்தன நாளா அடிக்கல?"

"நோன்பு பிறந்து கொஞ்ச நாள்லருந்து."

"சஹருக்கு ஒண்ணு, நோன்பு திறந்து ஒண்ணுன்னு டாக்டர் மாத்திக் குடுத்தாருல்லா?"

"ரெண்டு நாள் அடிச்சேன். அப்புறம் மறந்துட்டேன். மறந்தும் ஒண்ணும் ஆகல. சரி, ஊசி வேலை செய்யுதுன்னு விட்டுட்டேன்." நிலோபரின் குரல் அடங்கி, வேகமாக வந்தது. "ஊசி போட்டா நோன்பு முறியாதுன்னு பள்ளிவாசல் ஹஸ்ரத் சொன்னாருல்லா. பம்புதான் முறிக்கும். அப்ப நோன்பு மாசத்துக்கு ஊசிய வெச்சுக்கிடுவோம், பெருநாள் கழிஞ்சு பம்ப எடுத்துக்கிடுவோம்னு நெனச்சேன்."

"ஊசி பம்புக்குப் பதிலு இல்லட்டி!"

"மெதுவாப் பேசு. போன வருஷம் இளைப்புல பாதி நோன்ப விட்டேன். மாமி வீட்டுப் பிள்ளைங்க எல்லாம் 'பம்பு ராணி'ன்னு கூப்பிட்டு சிரிச்சாளுவ. இந்த வருஷம் ஒண்ணு விடல உம்மா. ஒண்ணு கூட விடல."

"இப்ப இளைக்குது."

"கொஞ்சம்தான்."

"சஹருக்கே கேட்டேன்."

நிலோபர் உம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். விரல்கள் சில்லென்றிருந்தன. "நீ உள்ள வந்து வாயத் திறக்காத. இன்னைக்கு ஊசி இல்லன்னா இஸ்மாயில் சாச்சா என்ன சொல்லுவாருன்னு உனக்கே தெரியும். அதோட முடிஞ்சுது. ஒனக்கு நான் வாப்பா மாதிரி..."

மீதியைச் சொல்லவில்லை. சொல்ல மூச்சு இருந்ததா என்றும் தெரியவில்லை.

"நிலோபர்!" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

*

நர்ஸ் குழல்வாய்மொழிக்குக் கை வேலையும் வாய் வேலையும் ஒன்றாக நடக்கும். "எம் பேரை முழுசாச் சொல்லு பாப்போம், நீ முடிக்கதுக்குள்ள ஊசிய எடுத்திருவேன்" என்றுதான் முதல் நாள் நிலோபரைச் சிரிக்க வைத்தாள். குற்றாலத்து அம்மன் பேரு, சுருக்கினால் கோபம் வரும்.

தட்டில் எல்லாம் வரிசையாக இருந்தது. மருந்துக் குப்பி. பஞ்சு. தனியாக, சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய இன்னொரு சின்ன ஊசி. ஒத்துக்காமல் போனால் உடனே தொடையில் போட வேண்டியது அது. வாராவாரம் மெஹர் பானுவின் கண் அதில்தான் போய் நிற்கும்.

"போன வாரம் வீங்குனது வத்திட்டா? காட்டு... வத்திட்டு. காய்ச்சல், சளி ஏதாச்சும்?"

"இல்ல."

"இளைப்பு, இருமல்?"

"இல்லக்கா."

"ஊது."

மூச்சின் பலத்தை அளக்கிற குழாயை வாயில் வைத்து நிலோபர் ஊதினாள். குழல்வாய்மொழி முள்ளைப் பார்த்தாள். "என்ன பிள்ள, இறங்கியிருக்கு? இன்னொரு தரம் ஊது."

இரண்டாவது தரம் இன்னும் கொஞ்சம் இறங்கியது.

"நோன்புக்கா" என்றாள் நிலோபர், சிரித்தபடி. "தெம்பே இல்ல. நோன்பு திறந்துட்டு வந்து ஊதுனா குழாயே பறந்திரும்."

குழல்வாய்மொழிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதுஞ் சரிதான். பச்சத் தண்ணி கூட இல்லாம எப்படித்தான் இருக்கியளோ, என்னால ஒரு டீ இல்லாம இருக்க முடியாது." குப்பியைக் கவிழ்த்து மருந்தை ஊசியில் உறிஞ்சினாள். விரலால் சுண்டினாள். பஞ்சைக் கையில் எடுத்துக்கொண்டு, எதற்கோ திரும்பி மெஹர் பானுவைப் பார்த்தாள்.

"வேற ஒண்ணுமில்லல்லா யக்கா? வீட்டுல நல்லாத்தான இருந்தா?"

வெறும் கேள்விதான். வாராவாரம் கேட்பதுதான்.

நிலோபர் கையை நீட்டி வைத்திருந்தாள். அவள் கண் உம்மாவின் முகத்தை விட்டு நகரவில்லை. அதில் மிரட்டல் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. சின்ன வயதில் வாப்பாவிடம் காட்டிக்கொடுக்காதே என்று பார்ப்பாளே, அந்தப் பார்வை.

சொன்னால் ஊசி நின்றுபோகும். இஸ்மாயில் சொன்னது நடந்துவிடும். அப்புறம் இந்தப் பிள்ளைக்கு வாழ்நாள் முழுக்கப் பம்பும் பயமும்தான். சொல்லாவிட்டால்?

செங்கோட்டை தாண்டியதும் காருக்குள் இருந்த அமைதி மெஹர் பானுவின் காதில் வந்து நின்றது.

"போடாதம்மா" என்றாள்.

குழல்வாய்மொழியின் கை அப்படியே நின்றது.

"போடாத. காலையிலருந்து இளைக்குது. பம்பு அடிக்கிறதையே விட்டுட்டா. நோன்பால இல்ல. அவ சொன்னது பொய்யி."

"உம்மா!"

குழல்வாய்மொழி ஊசியை மூடி தட்டில் வைத்தாள். அவள் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை. நிலோபரின் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். "ஏ பிள்ள, நான் இத ஏத்தியிருந்தா என்ன ஆயிருக்கும்னு தெரியுமா? உனக்கு மட்டுமா ஆயிருக்கும்? நான் உசுரோட இருக்கப் பொறுக்கலியா உனக்கு?" திட்டுகிறாளா, பயந்துவிட்டாளா என்று பிரித்துச் சொல்ல முடியாத குரல். உடனே வாசல் பக்கம் திரும்பினாள். "டாக்டர்! செத்த இங்கன வாங்க."

*

விஜயசங்கர் முதுகில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார். விரலில் கிளிப் மாட்டினார். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்து நிலோபருக்கு எதிரே உட்கார்ந்தார்.

"ரெண்டு பக்கமும் விசில் இருக்கு. ஆக்ஸிஜன் பரவாயில்ல, ஆனா விட்டா இறங்கும். இப்ப மருந்துப் புகை பிடிக்கணும்."

"நோன்பு முறிஞ்சிரும்."

"தெரியும்மா. முறிக்கச் சொல்லித்தான் கேக்கறேன்."

"இன்னும் ரெண்டு மணி நேரந்தான். நோன்பு திறந்துட்டு பிடிக்கேன்."

"அந்த ரெண்டு மணி நேரத்துக்கு என்னால உத்தரவாதம் தர முடியாது."

நிலோபர் தலையைக் குனிந்துகொண்டாள். தோள் ஏறி இறங்கியது. மெஹர் பானு பக்கத்தில் போனபோது நகர்ந்து உட்கார்ந்தாள்.

வாசலில் டெம்போ வந்து நிற்கிற சத்தம். இன்றைக்கு இஸ்மாயில் வீட்டில்தான் நோன்பு திறப்பு. கூட்டிக்கொண்டு போக வந்திருக்கிறான். கைலியை மடித்துக் கட்டியபடி உள்ளே வந்தவன் எல்லார் முகத்தையும் பார்த்தான்.

"என்ன மைனி? ஊசி ஒத்துக்கலியா? சொன்னேனா இல்லியா நான்!"

"ஊசியே போடல" என்றாள் மெஹர் பானு. நடந்ததைச் சொன்னாள். சொல்லி முடிக்கும் முன்னே இஸ்மாயிலுக்கு அந்தச் சத்தம் கேட்டுவிட்டது. அவனும் அந்தக் காரில் இருந்தவன்தான். ஓட்டியவனே அவன்தான்.

அவன் சண்டை போடுவான் என்று மெஹர் பானு காத்திருந்தாள். அவன் நிலோபரின் முன்னால் தரையில் குந்தி உட்கார்ந்தான்.

"ஏட்டி, நோன்ப விடு."

"சாச்சா..."

"விடுட்டி. சீக்குக்காரருக்கு சலுகை குடுத்தது யாரு? நானா குடுத்தேன்? விட்ட நோன்ப பெருநாள் கழிஞ்சு களாவாப் பிடிச்சுக்கிடலாம். நானும் உங்கூட ஒண்ணு சேத்துப் பிடிக்கேன், போதுமா?" வாசலில் நின்ற டெம்போவைத் திரும்பிப் பார்த்தான். "இந்தச் சத்தத்த இன்னொரு தடவ என்னால வண்டியில வெச்சு ஓட்ட முடியாதுட்டி."

குழல்வாய்மொழி ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டு வந்து நீட்டினாள். நிலோபர் அதை வெகுநேரம் கையில் வைத்திருந்தாள். பிஸ்மில்லாஹ் சொல்லிக் குடித்தபோது கண்ணீரும் அதோடு சேர்ந்து இறங்கியது.

முகத்தில் மாஸ்க்கை மாட்டினார்கள். மிஷின் உறுமத் தொடங்கியது. விசில் அடங்கியதா, மிஷின் சத்தத்தில் மறைந்ததா என்று தெரியாமல் மெஹர் பானு மகளின் கழுத்துக் குழியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மிஷினை நிறுத்திய பிறகு டாக்டர் மறுபடி முதுகில் வைத்துக் கேட்டார். தலையாட்டினார். "மூச்சுக்குழல் திறந்திருக்கு. ரெண்டு வாரம் பம்பு ஒழுங்கா அடிக்கட்டும். ஊதற அளவு பழையபடி வந்தா ஊசியைத் தொடரலாம். கொஞ்சம் குறைச்ச அளவுல இருந்து ஆரம்பிப்போம்."

இஸ்மாயில் எழுந்தான். "தொடரவா? வேண்டாம் டாக்டர். இத்தோட விட்டிருவோம். மைனி வாக்குக் குடுத்திருக்கா."

"பிள்ளைக்கு இன்னைக்கு வந்தது ஊசியால இல்லியே" என்றார் டாக்டர். "ஊசி வேண்டாம்னா விட்டிருங்க, அது உங்க முடிவு. பலன் வரலாம், குறைவா வரலாம். வருஷக்கணக்குல ஆகும். ஆனா பம்பை விட்டதுக்குத் தண்டனைய ஊசிக்குக் குடுக்காதீங்க."



*

டெம்போவின் முன் ஸீட்டில் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்தார்கள். நடுவில் மெஹர் பானு. வண்டி முழுக்க வெங்காயச் சருகு. இஸ்மாயில் வண்டியை எடுக்கும் முன் துணியை எடுத்து நிலோபர் பக்கத்துச் சருகைத் தட்டப் போய், தூசி பறக்கும் என்று நினைத்து நிறுத்திக்கொண்டான். கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டான்.

தென்காசிக் கோபுரம் தெரிந்தது.

"உம்மா."

"சொல்லுட்டி."

"ஊசி நான் போடுவேன். பம்பும் அடிப்பேன்." ரோட்டைப் பார்த்தே பேசினாள். "ஆனா அடுத்த தடவ நீ வராத. நான் தனியாப் போய்க்கிடுதேன்."

"அடுத்த தடவயா?" என்று இஸ்மாயில் பிரேக்கை மிதித்தான். பின்னால் வந்த ஆட்டோ ஹாரன் அடித்து விலகிப் போனது. "மைனி, நீ எனக்கு என்ன சொன்ன?"

ஒரு பக்கம் கொடுத்த வாக்கு. மறுபக்கம் மகள். இவள் தனியாகப் போவாள். குழல்வாய்மொழி பஞ்சைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்பாள். இவள் சிரிப்பாள். பின்னால் நிற்க ஆள் இருக்காது.

"வண்டிய எடு இஸ்மாயிலு" என்றாள் மெஹர் பானு. "வாக்குக் குடுத்தது நான். உடம்பு அவளது."

"அதுக்கு?"

"அவ போவா."

"தனியாவா?"

மெஹர் பானு மகளைத் திரும்பிப் பார்த்தாள். டெம்போவில் ஏறிய பிறகு நிலோபர் முதல் தடவையாக அவள் கண்ணைப் பார்த்தாள். கோபம் இன்னும் போகவில்லை. அதற்குப் பின்னால் வேறு ஏதோ இருந்தது. பயமா, வீம்பா என்று பெற்றவளுக்கே தெரியவில்லை.

"தனியாத்தான்" என்றாள் மெஹர் பானு.

சொல்லி முடித்த பிறகும் அவள் காது மகளின் மூச்சில்தான் இருந்தது.